கடை நம்பருக்கு ஸ்பேம் முத்திரை குத்துவது யார்?

காரைக்குடி வட்டாரத்தில் தொழில் செய்கிறவருக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் வெளியூரில்தான் இருக்கிறார். ஆத்தங்குடித் தரைக்கல் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறது. கண்டாங்கிச் சேலை எடுக்கிறவர் சென்னைக்காரர். தீபாவளிக்கு மனகோலமும் சீப்புச்சீடையும் கேட்கும் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. கானாடுகாத்தானில் அறை எடுப்பவர் டெல்லியிலிருந்து வருகிறார். இவர்களில் பலர் கடை வாசலை மிதித்ததே இல்லை. அவர்களுக்குக் கடை என்றால் ஒரு பத்து இலக்க எண்தான். அந்த எண்ணிலிருந்து போகும் அழைப்பு எதிர்முனையில் சிவப்பாக, ‘ஸ்பேம்’ (தொல்லை அழைப்பு) என்ற எழுத்தோடு தெரிந்தால் யார் எடுப்பார்கள்?

ஆத்தங்குடியில் ஒரு பட்டறை. கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயக் குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளரின் கவனம் முழுக்க கையிலிருந்த போனில். முதல் நாள் இரவு ஏற்றிவிட்ட லோடு கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது. இறக்க ஆள் இல்லை. சைட் இன்ஜினியர் போனை எடுக்கவில்லை. டிரைவர் நடுநடுவே கூப்பிட்டு, “அண்ணே, வெயிட்டிங் ஏறிக்கிட்டே இருக்கு, என்ன செய்யட்டும்?” என்கிறார். கடைசியில் மகனின் போனிலிருந்து கூப்பிட்டதும் இன்ஜினியர் எடுத்துவிட்டார்.

“சார், ஆத்தங்குடியிலேர்ந்து பேசுறேன். வண்டி வந்து நிக்குது.”

“அய்யோ, நீங்களாண்ணே? காலையிலேர்ந்து ஸ்பேம்னு காட்டிச்சு. லோன் குடுக்கிறவங்கன்னு கட் பண்ணிக்கிட்டே இருந்தேன்.”

இன்ஜினியர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நாமும் அதைத்தான் செய்வோம். தவறு அந்த முத்திரையில் இருக்கிறது. அதை யார் குத்தினார்கள் என்று தெரியாமல் எங்கே முறையிட்டாலும் பயன் இல்லை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘ட்ரூகாலரில் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்’ என்று பக்கத்துக் கடைக்காரர் யோசனை சொல்கிறார். அதைச் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். முத்திரையோ ட்ரூகாலரிலிருந்து வந்திருக்காது.

முத்திரை மூன்று இடங்களிலிருந்து வரலாம். முதலாவது ட்ரூகாலர் போன்ற ஆப். 2009-ல் ஸ்வீடனில் தொடங்கிய நிறுவனம் அது. இன்று அதற்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். அங்கே ஓர் எண்ணை ஸ்பேம் ஆக்குவது பெரும்பாலும் மற்ற பயனர்களின் புகார். அழைப்பு முடிந்ததும் திரையில் வரும் பொத்தானை நாலு பேர், நாற்பது பேர் அழுத்தினால் எண் சிவப்பாகிறது. இரண்டாவது, போனிலேயே இருக்கும் டயலர், அதாவது எண்ணை அழுத்திக் கூப்பிடும் ஆப். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது கூகுளின் போன் ஆப். தனியாக எதுவும் இறக்கிக்கொள்ளாமலே அது அழைப்பவர் பெயரைக் காட்டும், சந்தேகப்பட்டால் எச்சரிக்கும்.

மூன்றாவது சிம் நிறுவனம். இது புதிது. ஏர்டெல் 2024 செப்டம்பரில் தன் ஸ்பேம் கண்டறியும் ஏற்பாட்டை அறிவித்தது. வாடிக்கையாளர் ஆப் எதுவும் போட வேண்டியதில்லை. அழைப்பு அந்த நிறுவனத்தின் தொலைத்தொடர்பு வலையைக் கடக்கும்போதே ‘ஸ்பேமாக இருக்கலாம்’ என்ற வாசகம் சேர்ந்துவிடும். நாளொன்றுக்கு 250 கோடி அழைப்புகளை அலசுவதாகவும், அழைப்பவர் எவ்வளவு அடிக்கடி கூப்பிடுகிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது போன்ற சுமார் 250 அளவுகோல்களை வைத்து 2 மில்லி விநாடியில் முடிவெடுப்பதாகவும் அந்த நிறுவனம் சொன்னது. இங்கே மனிதர் யாரும் புகார் செய்திருக்கவே வேண்டாம். நம் அழைப்புப் பழக்கம் ஒன்றே போதும்.

இந்த மூன்றும் தனித்தனிப் பேரேடுகள். ஒன்றில் அழித்தால் மற்றதில் அழியாது. ஆகவே முதல் வேலை, எது என்று கண்டுபிடிப்பது. வாடிக்கையாளர் ஒருவரிடம் திரையின் ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்குங்கள். ட்ரூகாலர் என்றால் அதன் பெயர் படத்திலேயே இருக்கும். பிறகு வீட்டிலும் கடையிலும் இருக்கும் ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் சிம்களுக்குக் கடை எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக அழையுங்கள். அந்தப் போன்களில் கடை எண்ணைப் பெயரோடு சேமித்திருக்கக் கூடாது. ஆப்பை அணைத்துவைத்தும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்தின் சிம்களில் மட்டும் எச்சரிக்கை வந்தால், அது வலையில் குத்திய முத்திரை. அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் எழுதும் எந்த மனுவும் இலக்கு இல்லாத மனு.

நேர்மையாகத் தொழில் செய்கிறவர் எண் ஏன் மாட்டுகிறது? செட்டிநாட்டுத் தொழில்களின் போக்கைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இங்கே வியாபாரம் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. பலகாரம் செய்யும் ஆச்சி ஒருவருக்கு ஆனியில் போன் அதிகம் அடிக்காது. ஆவணி முகூர்த்தமும் தீபாவளியும் நெருங்கினால், மூன்று நாளைக்குள் போன வருஷத்து வாடிக்கையாளர் அத்தனை பேரையும் கூப்பிட்டு, தேன்குழல் எத்தனை கிலோ, அதிரசம் எத்தனை என்று கேட்டுக் குறித்தாக வேண்டும். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தவரும் “ஆச்சி, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அரை நிமிடத்தில் வைத்துவிடுவார். இதைப் பார்க்கும் கணினிக்கு ஆச்சியும் தெரியாது, அதிரசமும் தெரியாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த எண் ஒன்று திடீரென்று நூறு வெவ்வேறு எண்களுக்கு அடித்தது. பல அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை. எடுத்தவையும் முப்பது விநாடிதான். கடன் விற்கும் கால் சென்டரின் போக்கும் அச்சு அசலாக இதுதான்.

இதோடு நம் மிஸ்டு கால் பழக்கம் வேறு. இரண்டு ரிங் விட்டுக் கட் செய்தால் அவரே கூப்பிடுவார் என்பது அழைப்புக்குக் காசு எண்ணிய காலத்து வழக்கம். ஒரு ரிங்கில் நிறுத்தி, திரும்ப அழைக்க வைத்துப் பணம் பறிக்கும் மோசடி உலகம் முழுக்க உண்டு. அதனால் அந்தக் குட்டி அழைப்புகள் இன்று சந்தேகத்தைத்தான் கூட்டும். கடைப் பையன்களிடம் இதை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நம் கையில் இல்லாத காரணங்களும் இரண்டு உண்டு. நம்முடைய புது எண் இன்னொருவரின் பழைய எண்ணாக இருக்கலாம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதே இங்கே நடைமுறை. முன்பு வைத்திருந்தவர் சம்பாதித்த கெட்ட பெயர், எண்ணோடு சேர்ந்து நம்மிடம் வரும். இன்னொன்று, மோசடிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே அழைத்து, திரையில் இந்திய எண்ணைக் காட்டுவது. அப்படிக் காட்டிய எண் நம்முடையதாக இருந்தால், திட்டு வாங்குவது நாம். இத்தகைய அழைப்புகளை எல்லையிலேயே தடுக்க 2024 அக்டோபரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. முன்பே விழுந்த கறை தானாகப் போய்விடாது.

நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் ஒவ்வொரு பெட்டியடிக்கும், அதாவது லேவாதேவிக் கடைக்கும், ஒரு விலாசம் இருந்தது. முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் அடையாளம் அது. அந்த எழுத்துகளைப் பார்த்தே உண்டியலுக்கு, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கு, பணம் கொடுத்தார்கள். ஒரு விலாசம் கெட்டுப்போக வேண்டுமென்றால், அதோடு வரவு செலவு வைத்தவர்கள், அதன் கணக்கை அறிந்தவர்கள் கெட்டது என்று சொல்ல வேண்டும். கெட்டுவிட்டது என்ற பேச்சு எழுந்தால் நேரில் போய்ப் பேரேட்டை விரித்துக் காட்டவும் வழி இருந்தது. இன்றைய கடை எண்ணின் மதிப்பைத் தீர்மானிப்பவர்களோ, நம்மிடம் ஒரு முறுக்குகூட வாங்காதவர்கள். விரித்துக் காட்ட ஒரு மேசையும் இல்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான்.

ஸ்பேம் முத்திரையையும், தொல்லை அழைப்பு பற்றி 1909 என்ற எண்ணுக்குப் போகும் புகாரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முத்திரை எச்சரிக்கை மட்டும்தான். அதனால் சிம் துண்டிக்கப்படாது. 1909-க்குப் போகும் புகார் சட்டத்தின்படி நடப்பது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் வணிக அழைப்புகளுக்கென விதிமுறைகள் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அவற்றை இறுக்கியது. தொல்லை அழைப்பு வந்த 7 நாளுக்குள் யாரும் புகார் தரலாம். வணிக அழைப்புக்கெனப் பதிவு செய்யாதவர் மேல் நடவடிக்கை எடுக்க முன்பு 30 நாள் இருந்தது, இப்போது 5 நாள். முன்பு 7 நாளில் 10 புகார் வர வேண்டும். இப்போது 10 நாளில் 5 புகாரே போதும். முதல் தடவை 15 நாள் வெளி அழைப்பு நிற்கும். மறுபடியும் நடந்தால் அந்தப் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஓராண்டுக்குத் துண்டிப்பார்கள்.

ஐந்து புகார் என்பது சின்ன எண்ணிக்கை. ‘ஆடித் தள்ளுபடி, சேலை பார்க்க வாங்க’ என்று யாரோ கொடுத்த எண் பட்டியலை வைத்துக்கொண்டு சாதாரண மொபைலிலிருந்து கூப்பிட்டால், அது விதிமீறல்தான். விளம்பர அழைப்புக்கு 140-ல் தொடங்கும் எண்கள் உண்டு. அதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆர்டர் கொடுத்தவரைக் கூப்பிட்டு ‘வண்டி கிளம்பிவிட்டது’ என்பது வேறு, முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு ‘வாங்குங்கள்’ என்பது வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தவர், தப்பாக முத்திரை விழுந்தது என்று வாதாட இடமில்லை. இதில் நம்மவர்கள் பலர் அசட்டையாக இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, தப்பாகவே விழுந்த முத்திரையை எடுப்பது எப்படி? ட்ரூகாலர் என்றால், நம்மை அறிந்த வாடிக்கையாளர்கள் அந்த ஆப்பில் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறிப்பதும், சரியான கடைப் பெயரைப் பரிந்துரைப்பதும் உதவும். நிறுவனத்துக்கும் நேரடியாக எழுதலாம். சரிபார்த்த வணிக எண் என்ற பச்சை அடையாளத்தை அது கட்டணத்துக்குத் தருகிறது. பெரிய விடுதிக்குக் கட்டுபடியாகும், ஒற்றைத் தறிக்காரருக்குக் கட்டுபடியாகுமா என்பது சந்தேகம். எண்ணை அங்கிருந்து மொத்தமாக நீக்கிவிடும் வசதியும் இருக்கிறது. கடைக்காரர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கெட்ட பெயரோடு நல்ல பெயரும் போய்விடும். பெயரே இல்லாத எண்ணையும் எடுக்கத் தயங்குவார்கள்.

கூகுள் டயலருக்கு வழி எளிது, காசும் இல்லை. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, அதில் இதே எண்ணைக் கொடுத்துவைத்தால், அந்த டயலர் வைத்திருப்பவருக்குக் கடைப் பெயரோடு அழைப்பு போக வாய்ப்பு அதிகம். காரைக்குடியில் மேப்பில் இருக்கும் கடைகள் ஏராளம். ஆனால் மேப்பில் ஓர் எண், பில்லில் ஓர் எண், டெலிவரிக்குப் பேசும் பையனிடம் இன்னோர் எண். பெயர் தெரிய வேண்டிய எண்ணுக்குத்தான் பெயர் இருக்காது. வாடிக்கையாளரின் அழைப்புப் பட்டியலில் நம் எண் ஸ்பேம் என்று கிடந்தால், அதை அழுத்திப் பிடித்து ‘ஸ்பேம் அல்ல’ என்று மாற்றச் சொல்லலாம்.

சிம் நிறுவனம் குத்திய முத்திரைதான் கடினம். உங்கள் சிம் ஒரு நிறுவனத்துடையது. முத்திரை குத்துவதோ அழைப்பை வாங்குகிறவரின் நிறுவனம். அங்கே நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. புகார் பிரிவைக் கூப்பிட்டால், அவர்களுடைய எண் ஒன்றைச் சொல்லுங்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். இதற்கு ஒரு வழி, அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரையோ சொந்தக்காரரையோ புகார் கொடுக்கச் சொல்வது. ‘எனக்குத் தேவையான அழைப்பைத் தவறாகக் காட்டுகிறீர்கள்’ என்று அவர் சொன்னால் அது அவருடைய சேவைக் குறைபாடு. புகார் எண் கிடைக்கும். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். உங்கள் பக்கத்திலும் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு புகார் போட்டு, அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சான்று, கடை பில், இரண்டு மூன்று ஸ்கிரீன்ஷாட், எந்தத் தேதியில் எந்த வேலையாகக் கூப்பிட்டீர்கள் என்ற குறிப்பு, இவை கையில் இருந்தால் பேச்சு வளராது.

முறையீட்டைவிட வேகமாகப் பலன் தருவது அழைக்கும் பழக்கத்தை மாற்றுவது. நூறு பேரை மூன்று நாளில் கூப்பிடுவதைப் பத்துப் பன்னிரண்டு நாளாகப் பரப்பலாம். அதற்கும் முன்னால் வாட்ஸ்அப்பில், ‘தீபாவளிப் பலகாரம் பற்றி நாளை காலை இந்த எண்ணிலிருந்து பேசுகிறோம்’ என்று கடைப் பெயரோடு ஒரு வரி அனுப்பினால், பாதிப் பேர் அங்கேயே பதில் சொல்லிவிடுவார்கள். கூப்பிட வேண்டியவர் எண்ணிக்கை குறையும், கூப்பிட்டால் எடுப்பவர் எண்ணிக்கை கூடும். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் எண்ணை அச்சிட்டு, போனில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தடவை அடித்து எடுக்காவிட்டால், அடுத்தடுத்து நாலு தடவை அடிக்கக் கூடாது. எரிச்சலில் அவர் விரல் போகும் இடம் அந்தச் சிவப்புப் பொத்தான்தான்.

புது சிம் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேற்றுத் தொடங்கிய எண் இன்று ஐம்பது பேருக்கு அடித்தால் கணினிக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். பழைய எண்ணைச் சேமித்து வைத்திருந்த விசுவாசமான வாடிக்கையாளர்களும் கைவிட்டுப் போவார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கும் ஆர்டர்காரருக்கும் பேசுவதில் இன்னொரு சிக்கல்: அங்கே ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசான் ஆகிய சிம் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் எண்களை எடைபோடும் வேலையைத் தனித்தனி நிறுவனத்திடம் விட்டிருக்கிறது. இங்கே முத்திரையை எடுத்ததால் அங்கே எதுவும் மாறாது. அவர்களோடு வாட்ஸ்அப் அழைப்பே நல்லது.

வங்கி, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு 1600 வரிசை எண்களை மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது. அந்த எண் வந்தால் உண்மையான அழைப்பு என்று மக்கள் நம்பலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்து, இது அசல் என்று சான்று சொன்ன அரசிடம், அதை விற்கும் நெசவாளரின் எண் அசல் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. தொல்லை கொடுப்பவர் மேல் 5 நாளில் நடவடிக்கை என்று விதி எழுத முடிகிறது. தவறாக விழுந்த முத்திரையை இத்தனை நாளில் பார்த்து முடிவு சொல்ல வேண்டும், முத்திரை விழுந்த எண்ணுக்கு உடனே ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று எழுதுவது அதைவிடக் கடினமல்ல. முத்திரை விழுந்ததே நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் பெரிய அநியாயம். ஆர்டர் ஏன் குறைந்தது என்று தெரியாமல் ஒரு பருவமே ஓடிவிடுகிறது. வணிகர் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

இதற்கிடையே, அழைப்பவர் பெயரை சிம் நிறுவனமே காட்டும் முறை படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது இது. 4ஜி, 5ஜி போன்களுக்கு முதலில். ஆப்பில் யாரோ எழுதிய பெயருக்குப் பதிலாக, சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர் திரையில் வரும். நம் ஊரில் இது ஒரு புதுக் குழப்பத்தைக் கொண்டுவரும். கடை சிம் பல வீடுகளில் அப்பச்சி பெயரிலோ, வெளிநாட்டில் இருக்கும் மாமா பெயரிலோ, எப்போதோ வேலையை விட்டுப்போன கணக்குப்பிள்ளை பெயரிலோதான் இருக்கிறது. காலமானவர் பெயரில் இன்னும் ஓடும் சிம்களும் உண்டு. டைல்ஸ் கடையிலிருந்து அழைப்பு வருகிறது, திரையில் யாரோ ஒருவர் பெயர் தெரிகிறது என்றால் வாடிக்கையாளர் மறுபடியும் கட்தான் செய்வார்.

வணிக இணைப்பு வைத்திருப்பவர்கள், ஜிஎஸ்டியில் பதிந்த கடைப் பெயரையோ பதிவு பெற்ற வணிகச் சின்னத்தின் பெயரையோ காட்டிக்கொள்ள வசதி வேண்டும் என்று அதே பரிந்துரையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் இணைப்பு உங்கள் கடையின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் மொபைல் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துப் பார்த்துவிடலாம். கடை எண் அந்தப் பட்டியலில் வரவில்லையென்றால் அது வேறு யார் பெயரிலோ இருக்கிறது. ஆதார், ஜிஎஸ்டி சான்று, கடை முகவரிச் சான்று ஆகியவற்றோடு சிம் நிறுவனத்தின் கடைக்குப் போய், அதே எண்ணைக் கடைப் பெயரில் வணிக இணைப்பாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய பெயருக்குரியவர் உள்ளூரில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது. பெயர் மாற்றத்துக்கு அவர் ஒப்புதலைக் கேட்பார்கள்.